நோட்புக் எல்எம்மில் தமிழ்க் குறிப்புகள்: எங்கே இடறுகிறது, எப்படிச் சரிசெய்வது

நோட்புக் எல்எம், நாம் கொடுக்கும் ஆவணங்களை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லும் கூகுளின் குறிப்பேட்டுச் செயலி. 2023இல் ‘ப்ராஜெக்ட் டெயில்விண்ட்’ என்ற பெயரில் சோதனைக்கு வந்தது. ஆங்கிலப் பிடிஎஃப் கொடுத்தால் பெரும்பாலும் சொன்ன பேச்சைக் கேட்கும். தமிழ்க் கோப்பு கொடுத்தால்தான் தகராறு. உடனே ‘இந்த ஏஐக்குத் தமிழ் தெரியாது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலான சமயங்களில் ஏஐக்குத் தமிழ் தெரியும். அதன் கைக்குப் போய்ச் சேர்ந்தது தமிழாக இருப்பதில்லை.

அதனால் எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். இடப்பக்கத்து ‘சோர்சஸ்’ பட்டியலில் சம்பந்தப்பட்ட மூலத்தின், அதாவது நீங்கள் சேர்த்த ஆவணத்தின், பெயரைத் தட்டித் திறந்து, செயலி உள்வாங்கிய எழுத்தை இருபது வரியாவது வாசியுங்கள். தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம். மேலே தெரியும் தானியங்கிச் சுருக்கத்தை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். தலைப்பை மட்டும் பார்த்தே அது ஓரளவு சரியாக எழுதிவிடும்.

“அப்படி ஒரு தகவல் மூலங்களில் இல்லை என்கிறது, பக்கமோ கண்ணெதிரே இருக்கிறது”

மூலத்தின் பக்கத்தில் உள்ள கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிக் எடுக்கப்பட்ட மூலத்தைச் செயலி அந்தக் கேள்விக்குத் தொடாது. ஒரு மூலத்தை மட்டும் வைத்துக் கேட்டுவிட்டு மற்றவற்றுக்குத் திரும்ப டிக் போட மறப்பதுதான் வழக்கமான காரணம்.

டிக் இருந்தும் இதே பதில் வந்தால், பிடிஎஃப்பில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ் வராமல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூளம் வந்தால், அந்தக் கோப்பு யூனிகோடில், அதாவது ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையில், இல்லை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல் கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகளாகத்தான் கிடக்கிறது. ஜே என்ற இடத்தில் ‘த’ வடிவத்தை வரைந்து காட்டுவது எழுத்துரு. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கிலக் கிறுக்கல். அதற்குள் ‘நில அளவை’ என்று தேடச் சொன்னால் எப்படிக் கிடைக்கும்?

பேஜ்மேக்கரில் பக்கம் கட்டிய காலத்து நூல்கள், மலர்கள், பழைய அலுவலகக் கோப்புகள் பலவும் இந்த வகைதான். இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி, தமிழக அலுவலகங்களில் வானவில் அவ்வையார், இவை தவிர டாப், டாம், டிஸ்கி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு. டாப், டாம் இரண்டும் 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்தவை. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல். அதற்கு முந்திய கோப்பு என்றால் இந்தச் சந்தேகத்தோடுதான் திறக்க வேண்டும்.

எந்தக் குறியீடு என்று ஊகிக்கத் தேவையில்லை. அடோபி ரீடரில் கன்ட்ரோல் விசையோடு டி அழுத்தினால் ஆவண விவரம் திறக்கும். அதில் ‘ஃபான்ட்ஸ்’ பகுதியில் எழுத்துருப் பெயர் இருக்கும். பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் அந்தக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து, எழுத்தை ஒட்டி, யூனிகோடாக மாற்றி, கூகுள் டாக்ஸில் சேமித்து அதை மூலமாகச் சேருங்கள். பழைய பிடிஎஃப் மூலத்தை நீக்கிவிட வேண்டும். இரண்டும் இருந்தால் குப்பையும் சேர்ந்தே தேடலுக்குள் வரும்.

மாற்றும்போது இரண்டு இடத்தில் வழுக்கும். அதைப் போன்ற வேறொரு குறியீட்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் முக்கால்வாசி சரியாகவும் கால்வாசி கோணலாகவும் வரும்; ஸ்ரீ, ஔ, ஞ், நெடில் ஊகாரம் வரும் சொற்களைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இன்னொன்று, இடையில் இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்கள். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது பாமினி என்று தெரியாது. எல்லாவற்றையும் மாற்றி, ஆங்கிலச் சொல் இருந்த இடத்தில் கொம்பும் காலும் குவித்து வைக்கும். சட்டப் பிரிவு, மருந்துப் பெயர், மின்னஞ்சல் முகவரி உள்ள பத்திகளை மட்டுமாவது பழைய பிடிஎஃப்போடு வைத்து ஒரு முறை ஒப்பிடுங்கள்.

“தமிழ்தான் வருகிறது, ஆனால் கொம்பு முன்னால் வந்து நிற்கிறது”

‘பெயர்’ என்பது ‘ெபயர்’ ஆகவும், ‘கொடை’ என்பது ‘ெகாைட’ ஆகவும் இருந்தால் கோப்பு யூனிகோட்தான். பிடிஎஃப் ஆனபோது எழுத்து வரிசை கெட்டுப்போயிருக்கிறது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி மூன்றும் பார்வைக்கு மெய்யின் இடப்பக்கம் நின்றாலும் யூனிகோடில் மெய்க்குப் பின்தான் சேமிக்கப்பட வேண்டும். எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எடுத்தால் இந்த நிலை வரும்.

இதில் ஏமாற்றம் அதிகம். ஏஐ உடைந்த சொல்லைச் சூழலிலிருந்து ஊகித்துச் சரியாகவே பதில் சொல்லிவிடும், நாமும் நம்பிவிடுவோம். சூழலே இல்லாத இடத்தில்தான் குட்டு வெளிப்படும்: ஊர்ப் பட்டியல், ஆட்பெயர், முன்னெழுத்து, வேதிப்பொருள். ‘ேகாைவ’யைக் கோவை என்று கண்டுபிடித்துவிடும். அதிகம் கேள்விப்படாத ஒரு சிற்றூரின் பெயரை வேறோர் ஊராக்கிவிடும், அதுவும் தயக்கமே இல்லாமல்.

மூல வேர்டு கோப்பு கிடைத்தால் வேலை சுலபம். அதைக் கூகுள் டாக்ஸில் திறந்து சேர்த்துவிடலாம். கிடைக்காவிட்டால், கெட்டுப்போன எழுத்தடுக்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் பக்கத்தைப் படமாக்கி ஓசிஆர் செய்வதே, அதாவது படத்தில் உள்ள எழுத்தைக் கணினி எழுத்தாக மாற்றுவதே, வழி. அடோபி ரீடரில் பிரின்ட் கொடுத்து, அச்சுப்பொறியாக ‘மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’பைத் தேர்ந்தெடுத்து, ‘அட்வான்ஸ்ட்’ பொத்தானுக்குள் ‘பிரின்ட் ஆஸ் இமேஜ்’ என்பதை டிக் செய்து, படத்தின் தெளிவை 300 டிபிஐ என்று வையுங்கள். வருகிற கோப்பில் எழுத்தே இருக்காது, படம் மட்டும்தான். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது அடுத்த பகுதியில்.

“ஸ்கேன் செய்த புத்தகம், பதில் பாதி சரி, பாதி கற்பனை”

ஸ்கேன் கோப்பை நேரடியாகக் கொடுத்துவிட்டு ஏஐ பார்த்துக்கொள்ளட்டும் என்று விடாமல், ஓசிஆரைத் தனியாகச் செய்து கண்ணால் ஒரு முறை பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது. கூகுள் டிரைவில் ஏற்றி, கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘ஓப்பன் வித்’, ‘கூகுள் டாக்ஸ்’ என்று திறந்தால் எழுத்தாக மாறிவிடும், தமிழையும் படிக்கும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும், எழுத்தின் உயரம் குறைந்தது 10 பிக்சல் இருக்கட்டும், பக்கம் நேராக நிற்கட்டும் என்பது கூகுளின் அறிவுரை. முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சில் கொடுக்காமல் பத்துப் பத்துப் பக்கமாக வெட்டி, கறுப்பு வெள்ளையாக ஏற்றுங்கள். இரண்டு பத்தி ஓடும் பக்கத்தை நடுவில் வெட்டி இரண்டு படமாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாகக் கோத்து வரும் அபாயம் உண்டு.

ஓசிஆர் முடிந்ததும் மூன்று இடத்தை மட்டும் குறிவைத்துப் பாருங்கள். ஒன்று, புள்ளி. பழைய அச்சில் புள்ளி மங்கியிருந்தால் ‘க்’ எல்லாம் ‘க’ ஆகிவிடும். இரண்டு, காலும் ரகரமும்: ‘ா’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ உட்கார்ந்திருக்கும். மூன்று, தமிழ் எண்கள். பழம்பதிப்புகளில் ௧, ௨, ௭, ௮ ஆகியவற்றைக் க, உ, எ, அ என்று படித்துவிடும். பாட்டு எண்ணோ ஆண்டோ அப்படி எழுத்தாக மாறிவிட்டால், ‘௨௭ஆம் பாடல் எது’ என்ற கேள்விக்குப் பதில் எங்கிருந்து வரும்? தமிழ் எண்களை 1, 2, 3 என்று கையால் மாற்றிவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

“சொல் கண்ணுக்குத் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை”

‘கௌரவம்’ என்று தேடுகிறீர்கள். மூலத்தில் இருப்பதோ ‘கெளரவம்’, அதாவது க, ஒற்றைக் கொம்பு, அதன்பின் தனி ளகரம். பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே வேறு. ஏஐ இரண்டையும் பெரும்பாலும் ஒன்றாகவே புரிந்துகொள்ளும். கன்ட்ரோல் எஃப் தேடல் புரிந்துகொள்ளாது. மேற்கோளைச் சரிபார்க்கப் போகும்போது ‘இல்லாததைச் சொல்கிறதே’ என்று ஏஐ மேல் வீண்பழி விழுவது இங்கேதான். ‘ஸ்ரீ’யிலும் இதே கதை, ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ இன்னொன்று.

டாக்ஸில் கண்டுபிடித்து மாற்றும்போது ‘ெள’ எல்லாவற்றையும் ‘ௌ’ ஆக்கிவிடாதீர்கள். வெள்ளம், தெளிவு, கெளுத்தி எல்லாம் சேர்ந்து கெட்டுவிடும். கெளர, மெளன, பெளர்ண, செளந்தர என்று சொல் சொல்லாகக் கொடுத்து மாற்றுங்கள். பத்துப் பதினைந்து சொல்தான் இருக்கும்.

“நேற்று திருத்தினேன், இன்றும் பழைய பதிலே வருகிறது”

சேர்த்த நொடியில் இருந்த எழுத்தைத்தான் செயலி வைத்திருக்கிறது. டிரைவிலிருந்து சேர்த்த டாக்ஸ் என்றால் மூலத்தைத் திறந்து, கூகுள் டிரைவோடு ஒத்திசைக்கச் சொல்லும் இணைப்பைத் தட்டுங்கள். பிடிஎஃப், ஒட்டிய எழுத்து, இணையப் பக்கம் என்றால் பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அடிக்கடி மாறும் குறிப்பை முதலிலிருந்தே டாக்ஸாக வைத்துக்கொள்ள இதுவே காரணம்.

“நான் எழுதிய குறிப்பை அது கண்டுகொள்ளவே இல்லை”

வலப்பக்கம் ‘ஸ்டூடியோ’வில் எழுதும் நோட், மூலம் ஆகாது. குறிப்பைத் திறந்து ‘கன்வர்ட் டு சோர்ஸ்’ கொடுத்தால்தான் அடுத்த பதிலில் அது கணக்கில் வரும். மாற்றிய பிறகு குறிப்பில் செய்யும் திருத்தம் மூலத்துக்குப் போகாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

“எல்லாவற்றையும் பட்டியலிடு என்றால் பாதியோடு நிறுத்திவிடுகிறது”

தேர்வுக்குப் படிப்பவர்களிடமிருந்து அதிகம் வரும் புகார் இது. பன்னிரண்டு இயல் கொண்ட புத்தகத்தைக் கொடுத்து ‘இதில் உள்ள எல்லா ஆண்டுகளையும் நிகழ்வோடு தருக’ என்று கேட்டால் அழகான ஓர் அட்டவணை வரும். எண்ணிப் பார்த்தால் பாதி இருக்காது. ஆவணம் பெரிதாகும்போது கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் பகுதிகளின் மேல்தான் பதில் கட்டப்படுகிறது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்து வாசிக்கிறது என்று எண்ண வேண்டாம். ‘ஏன்’, ‘எப்படி’ என்ற கேள்விக்கு அது போதும். ‘எல்லாம்’ என்ற கேள்விக்குப் போதாது.

புத்தகத்தை இயல்வாரியாக வெட்டித் தனித்தனி மூலமாகச் சேருங்கள். பெயரை ‘01 நில அமைப்பு’, ‘02 ஆறுகள்’ என்று எண்ணோடு வைத்தால் பட்டியல் குழம்பாது. ஒரே ஓர் இயலுக்கு மட்டும் டிக் வைத்துக் கேளுங்கள். வந்த பதிலை ‘சேவ் டு நோட்’ கொடுத்துச் சேமித்துவிட்டு அடுத்த இயலுக்குப் போங்கள். பன்னிரண்டும் முடிந்ததும் அந்தக் குறிப்புகளை மூலமாக்கி, அவற்றுக்கு மட்டும் டிக் வைத்து, ஒன்றாகத் தொகுக்கச் சொல்லுங்கள். இலவசக் கணக்கில் ஒரு குறிப்பேட்டுக்கு 50 மூலம், நாளைக்கு 50 கேள்வி. இந்த முறைக்குப் பதின்மூன்று பதினான்கு கேள்வி போதும்.

விடுபட்டதா என்று சோதிக்க, கோப்பைத் திறந்து நீங்களே ஒரு பக்கத்தில் உள்ள ஆண்டுகளை எண்ணி, பதிலில் அந்தப் பக்கத்துக்கு எத்தனை வந்திருக்கிறது என்று பாருங்கள். ‘எதையும் விட்டுவிடவில்லையா’ என்று ஏஐயிடமே கேட்பதில் பயனில்லை. ‘மன்னிக்கவும், இன்னும் இரண்டு உள்ளன’ என்று ஒவ்வொரு முறையும் இரண்டு சேர்க்கும்.

“எண் தப்பாக வருகிறது”

பதிலில் உள்ள மேற்கோள் எண்ணைத் தட்டி மூலத்தில் அது எந்த வரிக்குப் போகிறது என்று பாருங்கள். அட்டவணைக்குப் போனால் காரணம் தெரிந்துவிட்டது. பிடிஎஃப்பில் கட்டம் கட்டமாக இருந்தது உள்ளே வரும்போது கோடெல்லாம் போய், எண்கள் வரிசையாகக் கொட்டிக் கிடக்கும். ஒரு கட்டம் காலியாக இருந்தால் அதற்குப் பின் வரும் எண்ணெல்லாம் ஒரு நெடுவரிசை தள்ளி உட்காரும்.

முக்கியமான அட்டவணையை மட்டும் வாக்கியமாக எழுதிச் சேருங்கள். ‘ஊராட்சி: மேலூர்க்குடி, குடும்பங்கள்: 412, குழாய் இணைப்பு: 365’ என்று ஒரு வரிக்கு ஒன்று. காலிக் கட்டத்தில் ‘விவரம் இல்லை’ என்று எழுதிவிடுங்கள். கூட்டல், சதவீதம் போன்றவற்றைக் கூகுள் ஷீட்ஸில் போட்டுக்கொள்வது உத்தமம்.

ஆங்கில மூலத்தை வைத்துத் தமிழில் கேட்பவர்கள் மில்லியன் வரும் இடத்தையெல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டும். 1 மில்லியன் 10 லட்சம், 10 மில்லியன் 1 கோடி. மொழிமாறும்போது ஒரு சுழி கூடுவதும் குறைவதும் அங்கேதான். ‘எண்களை மூலத்தில் உள்ள அலகிலேயே அப்படியே தருக’ என்று கேள்வியில் ஒரு வரி சேர்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

“தமிழில் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில்”

அமைப்புகளில் ‘அவுட்புட் லாங்வேஜ்’ என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பதில் தமிழில் வந்தும் நடை முறுக்கிக்கொண்டு நின்றால் சாட் பகுதியின் ‘கஸ்டம்’ அறிவுறுத்தலில் தேவையானதை எழுதி வையுங்கள். ‘எளிய தமிழில் எழுது’ என்ற பொதுவான கட்டளை அவ்வளவாக எடுபடாது. ‘சொற்களை மூலத்தில் உள்ளபடியே பயன்படுத்து, கலைச்சொல்லை மொழிபெயர்க்காதே, வாக்கியம் பதினைந்து சொல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்’ என்று சொன்னால் கேட்கும். மூலத்தில் ‘ஈவுத்தொகை’ என்று இருப்பதைப் பதிலில் ‘பங்காதாயம்’ என்று மாற்றிவிட்டால் தேர்வில் எழுதுபவருக்குத்தான் நட்டம்.

“யூடியூப் இணைப்பு ஏறவில்லை”

செயலி எடுத்துக்கொள்வது வசனவரியை (சப்டைட்டில்) மட்டும்தான். வசனவரி இல்லாத வீடியோ, பொதுவில் இல்லாத வீடியோ, ஏற்றி மூன்று நாள்கூட ஆகாத வீடியோ ஏறாமல் போகலாம். ஏறினாலும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதோ காட்டிய வரைபடமோ உள்ளே வராது. ‘இந்தச் சமன்பாட்டில் இதை இங்கே கொண்டு வந்தால்’ என்று அவர் சொன்னது மட்டும் இருக்கும். எந்தச் சமன்பாடு என்று கேட்டால் ஏஐ என்ன செய்யும்?

“வகுப்பில் பதிவுசெய்த ஒலி, எழுத்தாக்கம் ஒழுங்கில்லை”

போனை மின்விசிறிக்கு நேர் கீழே வைத்துப் பதிவுசெய்வதுதான் பாதிக் கெடுதல். பேசுபவருக்கு அருகே, துணியோ நோட்டோ விரித்து அதன்மேல் வையுங்கள். இரண்டு மணி நேரப் பதிவை அரை மணி நேரத் துண்டுகளாக்கி ஏற்றினால் சரிபார்க்க வசதி. எழுத்தாக்கத்தைத் திறந்து எண்களை முதலில் பாருங்கள். பேச்சில் நாப்பது, அம்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்று ஓடும் இடங்களில் தவறு நேர வாய்ப்பு அதிகம். ஆட்பெயர், ஊர்ப்பெயர் பட்டியலைத் தனி மூலமாக எழுதிச் சேர்த்து, ‘பெயர்களுக்கு இந்தப் பட்டியலின் எழுத்தையே பின்பற்று’ என்று கேட்டால் பதிலாவது சீராகும்.

“ஒலிச்சுருக்கம் பெயர்களைக் கடித்துத் துப்புகிறது”

இருவர் உரையாடுவதுபோல் வரும் ஆடியோ ஓவர்வியூ 2025 ஏப்ரலில் தமிழ் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு வந்தது. மொழியை முதலில் மாற்றிவிட்டு உருவாக்க வேண்டும்; ஏற்கெனவே உருவாக்கியது ஆங்கிலத்திலேயேதான் இருக்கும். இலவசக் கணக்கில் நாளைக்கு மூன்றுதான் என்பதால் மொழியைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள்.

பெயர்க் கொலைக்குக் காரணம் நம் எழுத்து முறையிலேயே இருக்கிறது. ககரம் ஒன்றுதான், ‘கண்ணன்’ என்பதற்கும் ‘காந்தி’ என்பதற்கும் வாய்தான் வேறு ஒலியைத் தருகிறது, எழுத்து தருவதில்லை. பாலு, பழனி, தனபால், தட்சிணாமூர்த்தி எல்லாம் வாசிப்பவர் முன்பே அறிந்திருந்தால் சரியாக வரும். புழக்கத்தில் உள்ள பெயரைக் குரல் பெரும்பாலும் சரியாகவே சொல்லும், அரிய பெயரில் தடுமாறும். மூலத்தில் அந்தப் பெயர் முதலில் வரும் இடத்தில் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதிவைத்தால் ஓரளவு உதவும். ‘மா.ஆ.’, ‘த.நா.அ.’ போன்ற சுருக்கங்களை விரித்தே எழுதுங்கள்.

“கோப்பு ஏறவே மறுக்கிறது”

ஒரு மூலத்துக்கு 200 எம்பி அல்லது 5 லட்சம் சொல் என்பது எல்லை. கடவுச்சொல் போட்ட பிடிஎஃப் என்றால் கடவுச்சொல்லை எடுத்துவிட்டு ஏற்றுங்கள். கல்லூரி, அலுவலகக் கணக்கில் செயலியே திறக்காவிட்டால் நிர்வாகி அணைத்து வைத்திருக்கலாம். அவரிடம்தான் கேட்க வேண்டும்.

“மேலே சொன்ன எதிலும் அடங்கவில்லை”

புதிய குறிப்பேடு ஒன்றைத் திறந்து, சிக்கல் தரும் பக்கத்திலிருந்து பத்து வரியை நீங்களே யூனிகோடில் தட்டச்சு செய்து ‘காப்பீட் டெக்ஸ்ட்’ வழியாகச் சேருங்கள். அதே கேள்வியை எழுத்து மாறாமல் கேளுங்கள். சரியான பதில் வந்தால் கோளாறு கோப்பில். மேலே போய் எழுத்துருவிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அப்போதும் தப்பாக வந்தால் கேள்வியை இரண்டாக உடைத்துப் பாருங்கள். உடைத்தும் வரவில்லை என்றால் சாட்டின் கஸ்டம் அறிவுறுத்தலை அழித்துவிட்டு ஒரு முறை கேளுங்கள். எப்போதோ எழுதிவைத்த ‘மூன்று வரிக்குள் பதில் சொல்’ அங்கே உட்கார்ந்திருக்கும்.